இரண்டு சராசரிகள்: வித்தியாசம் மெய்யா, தற்செயலா?



நம் தொழிலில் பாதி வேலை ஒப்பிடுவதுதான். இந்த ஆலைத் துவரம்பருப்பில் எடை நிற்கிறதா, அந்த ஆலைச் சரக்கிலா? மயிலாப்பூர்க் கடையில் அன்றாட வியாபாரம் அதிகமா, தி.நகர்க் கடையிலா? பழைய பையன் கட்டும் பொட்டலம் சரியாக இருக்கிறதா, புதுப் பையன் கட்டுவதா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நாம் ஒரே முறையில்தான் விடை தேடுகிறோம். இந்தப் பக்கம் சிலவற்றை எடுத்து ஒரு சராசரி, அந்தப் பக்கம் சிலவற்றை எடுத்து ஒரு சராசரி. எது குறைகிறதோ அவர்மீது பழி விழுகிறது.

இந்தப் பழி சாதாரணமானதன்று. பதினைந்து ஆண்டுகளாகக் கடனுக்குச் சரக்கு தந்த ஆலைக்காரரை ஒரே வாரத்தில் மாற்றிவிடுகிறோம். நாணயமான ஒரு தொழிலாளியைக் கை சுத்தமில்லாதவன் என்று அனுப்பிவிடுகிறோம். மறுபுறம், உண்மையாகவே மூட்டைக்கு மூட்டை குறைத்து அனுப்புகிறவரை, "எல்லா மூட்டையும் ஒன்றுபோலவா இருக்கும்?" என்று ஆண்டுக்கணக்கில் விட்டும் விடுகிறோம். இரண்டும் நஷ்டமே. முன்னதில் உறவு போகிறது. பின்னதில் பணம் போகிறது.

ஒரே ஆலையில் ஒரே நாளில் பிடித்த மூட்டைகளிலிருந்து எட்டை இடப்பக்கமும் எட்டை வலப்பக்கமும் வைத்து நிறுத்துப் பாருங்கள். அந்த இரண்டு சராசரிகளும் கூட ஒன்றாக வருவது அபூர்வம். ஆகவே வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. அது எப்போதும் இருக்கும். கண்ணில் படும் வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய அளவுக்குள் அடங்குமா, அதைத் தாண்டியதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இதற்குப் புள்ளியியலில் ஒரு தெளிவான வழி உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்த வர்க்கமும் வர்க்கமூலமும் நினைவிருந்தால் போதும். வர்க்கமூலப் பொத்தான் உள்ள கால்குலேட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு சோறு பதம் எப்போது செல்லும்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார்கள் நம் பெரியவர்கள். பானைச் சோறு ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது. ஒரு பருக்கையும் மற்றொரு பருக்கையும் ஏறத்தாழ ஒன்றே. அங்கே ஒரு சோறு போதும். ஆனால் லாரியில் வந்த 200 மூட்டை அப்படிப்பட்டதன்று. பிடித்த ஆள் வேறு, நேரம் வேறு, தையல் வேறு. மூட்டைக்கு மூட்டை கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு ஒரு மூட்டையின் சாட்சி பலவீனமாகிறது.

ஆகவே சராசரியை மட்டும் பார்ப்பவர் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார். மூன்று செய்திகள் சேர்ந்தால்தான் ஒப்பீடு முழுமை பெறும். சராசரிகளின் வித்தியாசம் எவ்வளவு? ஒவ்வொரு பக்கத்திலும் ஏற்ற இறக்கம் எவ்வளவு? ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை மூட்டை நிறுத்தோம்?

எட்டு மூட்டைக் கணக்கு

விளக்கத்திற்காக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் நாம் வசதிக்காக வைத்துக்கொண்டவை. இரண்டு ஆலைகளிலிருந்து 50 கிலோ துவரம்பருப்பு மூட்டைகள் வருகின்றன. ஒவ்வோர் ஆலையிலும் எட்டு மூட்டைகளைப் பிரித்து, சாக்கு நீங்கலாக நிகர எடை எடுக்கிறோம்.

முதல் ஆலை (கிலோ): 50.1, 49.9, 50.2, 49.8, 50.0, 50.3, 49.7, 50.0. கூட்டினால் 400, சராசரி 50.0 கிலோ.

இரண்டாம் ஆலை (கிலோ): 50.2, 49.7, 49.7, 49.7, 49.6, 50.0, 49.7, 49.8. கூட்டினால் 398.4; சராசரி 49.8 கிலோ.

வித்தியாசம் மூட்டைக்கு 200 கிராம். 200 மூட்டை லோடுக்கு 40 கிலோ. கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் லாரிக்கு 4,800 ரூபாய். மாதம் இரண்டு லாரி எடுப்பவருக்கு ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல். இதைக் கேட்டதும் எவருக்கும் கோபம் வரும். கோபத்தைச் சற்று நிறுத்திவைத்து அடுத்த படிக்குப் போவோம்.

ஏற்ற இறக்கத்தை அளப்பது

100 கிராமை ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. முதல் ஆலையின் ஒவ்வொரு மூட்டையும் அதன் சராசரியான 50 கிலோவிலிருந்து எத்தனை புள்ளி விலகுகிறது என்று எழுதுவோம்: +1, -1, +2, -2, 0, +3, -3, 0. இவற்றை அப்படியே கூட்டினால் பூஜ்யம்தான் வரும். ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கம் செய்து கூட்டுகிறோம்: 1, 1, 4, 4, 0, 9, 9, 0. கூட்டுத்தொகை 28.

இதை எட்டால் வகுக்காமல் ஏழால் வகுக்க வேண்டும். காரணம் உண்டு. எட்டு விலக்கங்களின் கூட்டு எப்போதும் பூஜ்யம். ஏழு தெரிந்தால் எட்டாவது தானே தெரிந்துவிடும். எட்டுப் பங்காளிகளில் ஏழு பேர் பங்கு எழுதியாகிவிட்டால் எட்டாமவர் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? அதுபோல் சுதந்திரமாக நிற்கும் விலக்கங்கள் ஏழே. 28-ஐ 7-ஆல் வகுத்தால் 4. இதன் வர்க்கமூலம் 2 புள்ளி, அதாவது 200 கிராம். இதைத் திட்ட விலக்கம் என்பார்கள். இந்த ஆலை மூட்டை சராசரியிலிருந்து சாதாரணமாக 200 கிராம் அளவில் ஏறி இறங்கும் என்பது இதன் பொருள்.

இரண்டாம் ஆலைக்கும் இதேபோல் அதன் சராசரியான 49.8-லிருந்து விலக்கம் எடுத்தால் +4, -1, -1, -1, -2, +2, -1, 0. வர்க்கங்களின் கூட்டு இங்கும் 28. ஏழால் வகுக்க 4. திட்ட விலக்கம் இங்கும் 200 கிராம். இரு பக்கமும் ஒரே விடை வரும்படி நாம்தான் எண்களை அமைத்தோம். உங்கள் கடையில் அப்படி வர வேண்டிய அவசியம் இல்லை.

வித்தியாசத்தை அதன் ஆட்டத்தோடு நிறுப்பது

ஒரு மூட்டை 200 கிராம் ஆடினால், எட்டு மூட்டையின் சராசரியும் அவ்வளவு ஆடுமா? ஆடாது. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கி ஈடு செய்துவிடும். எனவே ஒவ்வொரு பக்கத்திலும் விலக்க வர்க்கத்தின் அளவான 4-ஐ மூட்டை எண்ணிக்கையான 8-ஆல் வகுக்கிறோம், 0.5 வருகிறது. இரு பக்கத்து 0.5-ஐயும் கூட்டினால் 1. கழிப்பது வித்தியாசம் காண்பதற்காக இருந்தாலும் இங்கே கூட்டத்தான் வேண்டும். இரண்டு சராசரிகளும் தனித்தனியே ஆடுகின்றன. இருவர் ஆட்டமும் சேர்ந்து வித்தியாசத்தை ஆட்டுகிறது. 1-இன் வர்க்கமூலம் 1 புள்ளி, அதாவது 100 கிராம். இது வித்தியாசத்தின் திட்டப் பிழை.

இனி ஒரே ஒரு வகுத்தல். கண்ட வித்தியாசம் 200 கிராம். அதன் இயற்கையான ஆட்டம் 100 கிராம். விகிதம் 2. இந்த விகிதத்துக்கு டி என்று பெயர்.

இரண்டு ஆலையும் உண்மையில் சமமாக இருந்தால், டி எவ்வளவு வரை தற்செயலாகப் போகலாம் என்பதற்கு அட்டவணை உண்டு. 20 தடவைக்கு 1 தடவை மட்டுமே தற்செயலாகத் தாண்டக்கூடிய எல்லையைப் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பக்கமும் 5 மூட்டை என்றால் அந்த எல்லை 2.31, 8 மூட்டை என்றால் 2.145, 10 என்றால் 2.10; 15 என்றால் 2.05, 30 என்றால் 2.00. நமது டி 2 மட்டுமே. 2.145-ஐத் தொடவில்லை. சமமான இரண்டு ஆலைகளுக்கு நடுவில்கூட இவ்வளவு வித்தியாசம் நூற்றுக்கு ஆறேழு தடவை தற்செயலாக வரும்.

ஆகவே இந்த எட்டு மூட்டையை வைத்து இரண்டாம் ஆலைக்காரரைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. அவர் நிரபராதி என்றும் இது சொல்லவில்லை. "குறை நிரூபிக்கப்படவில்லை" என்பதும் "குறை இல்லை" என்பதும் வேறு வேறு. நம்மவர்கள் பலர் சறுக்கும் இடம் இது. சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. தீர்ப்புக்குப் போதுமான சாட்சி இல்லை. அவ்வளவே.

சாட்சியைப் பலப்படுத்துவது

சாட்சி போதாதென்றால் இன்னும் சில மூட்டைகளை நிறுக்க வேண்டியதுதான். ஆனால் எத்தனை? மூட்டையை இரண்டு மடங்காக்கினால் ஆட்டம் பாதியாகிவிடும் என்று நினைக்கிறோம். அப்படி ஆகாது. வர்க்கமூலம் குறுக்கே வருகிறது. ஆட்டம் பாதியாக வேண்டுமானால் நான்கு மடங்கு மூட்டை நிறுக்க வேண்டும்.

பக்கத்துக்கு 32 மூட்டை நிறுத்து, அப்போதும் வித்தியாசம் அதே 200 கிராம், திட்ட விலக்கமும் அதே 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 4-ஐ 32-ஆல் வகுக்க 0.125, இரு பக்கமும் சேர்த்து 0.25, வர்க்கமூலம் 0.5 புள்ளி, அதாவது 50 கிராம். டி இப்போது 4. எல்லையோ 2.00. இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆலைக்காரரை அழைத்துப் பேசலாம். கையில் ஆதாரம் இருக்கிறது.

இன்னொரு பலனும் உண்டு. வித்தியாசத்தின் இரு புறமும் எல்லை எண் மடங்கு திட்டப் பிழையை வைத்தால், உண்மையான குறைவு எந்த வீச்சில் இருக்கும் என்று சொல்லலாம். எட்டு மூட்டையில் அந்த வீச்சு 15 கிராம் அதிகம் என்பதிலிருந்து 415 கிராம் குறைவு என்பது வரை பரந்து கிடந்தது. 32 மூட்டையில் அது 100 கிராமுக்கும் 300 கிராமுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. 200 மூட்டை லோடுக்கு 20 கிலோ முதல் 60 கிலோ வரை. விலையில் எவ்வளவு தள்ளிக் கேட்கலாம் என்று பேச இந்த இரண்டு எண்களும் உதவும். வெறும் சராசரியைச் சொல்லிப் பேசுவதைவிட இது நியாயமும் ஆகும்.

இந்தக் கணக்கு வியாபாரத்தில் பிறந்தது

இதைப் பேராசிரியர்களின் ஏட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். இது ஓர் ஆலையில் பிறந்த கணக்கு. அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்ள கின்னஸ் பீர் ஆலையில் 1899-இல் வேலைக்குச் சேர்ந்தவர் வில்லியம் சீலி காசெட். பார்லியும் மற்றச் சரக்குகளும் தரமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அங்கே பெரிய வேலை. ஆயிரக்கணக்கில் மாதிரி எடுக்கப் பணமும் நேரமும் இல்லை. கையில் இருப்பது நான்கைந்து மாதிரிகளே. அதற்கு முன்னிருந்த கணக்குகள் மாதிரி ஏராளமாக இருந்தால்தான் சரியாக வரும். சில மாதிரிகளைக் கொண்டே எவ்வளவு நம்பலாம் என்று காசெட் கணக்கிட்டு 1908-இல் வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதுவதை ஆலை அனுமதிக்காததால் 'ஸ்டூடன்ட்', அதாவது மாணவன், என்ற புனைபெயரில் எழுதினார். இன்றும் உலகெங்கும் அது 'ஸ்டூடன்ட் டி சோதனை' என்றே வழங்குகிறது.

அதைத் தனித்தனியான இரண்டு கூட்டங்களை ஒப்பிடும் முறையாக விரித்துப் பரப்பியவர் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆர். ஏ. பிஷர். 1925-இல் வந்த அவரது நூல் இதற்குப் பெரிய காரணம். நம் நாட்டின் பங்கும் குறைந்ததன்று. மகலனோபிஸ் கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அங்கிருந்து வந்த 'சங்க்யா' இதழில் 1938-இல் பி. வி. சுகாத்மே, இரு பக்கத்து ஏற்ற இறக்கமும் வெவ்வேறாக இருக்கும்போது சராசரிகளை எப்படி ஒப்பிடுவது என்பது பற்றி எழுதினார். அதே சிக்கலுக்கு 1947-இல் வெல்ச் என்பவர் தந்த வழிதான் இன்று பெரிதும் கையாளப்படுகிறது.

வெல்ச் வழியின் சாரம் நமக்கு ஏற்கெனவே தெரியும். ஒவ்வொரு பக்கத்து விலக்க வர்க்கத்தையும் அதனதன் எண்ணிக்கையால் வகுத்துப் பிறகு கூட்டினோமே, அதுவேதான். ஒரு பக்கம் 7 மூட்டை, மறுபக்கம் 20 மூட்டை, ஏற்ற இறக்கமும் வெவ்வேறு என்றால் எல்லை எண் மட்டும் சற்று உயரும். சிறிய பக்கத்தில் ஏழுக்குக் குறையாமல் இருந்தால் எல்லையை 2½ என்று வைத்துக்கொள்ளுங்கள், தவறு நேராது.

நம் ஊர் கண்ட பெரிய ஒப்பீடு

மூட்டையில் சரியாக வரும் இந்த நியாயம் மனித உயிர் விஷயத்திலும் நம் ஊரிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. காசநோய் வந்தவரைச் சானடோரியத்தில் சேர்த்து, நல்ல உணவும் ஓய்வும் தந்தால்தான் பிழைப்பார் என்று உலகம் நம்பிய காலம் அது. நம் நாட்டில் அத்தனை பேருக்குப் படுக்கை ஏது? சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து நடத்திய மையம். இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சென்னையின் ஏழை நோயாளிகள் ஏறத்தாழ 200 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வீட்டிலேயே மருந்து. மற்றதற்குச் சானடோரியத்தில் அதே மருந்து. யார் எந்தக் கூட்டம் என்பதை மருத்துவரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவாயிற்று. 1959-இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் இருந்தவர்கள் சராசரியாக உடல் எடை நன்றாகக் கூடியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் அவ்வளவு கூடவில்லை. ஆனால் நோய் குணமானதில் இரு கூட்டமும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றன. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. காசநோய்க்கு வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடலாம் என்ற முறை உலகெங்கும் பரவ இந்தச் சென்னை ஒப்பீடு வழிவகுத்தது.

வியாபாரிக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு.

முதலாவது, மாதிரியை நாம் பொறுக்கக் கூடாது. சீட்டு பொறுக்க வேண்டும். லாரியின் பின்கதவருகே கைக்கு எட்டும் எட்டு மூட்டையை நிறுப்பதும், தளர்ந்து தெரியும் மூட்டையாகப் பார்த்து இறக்கச் சொல்வதும் நியாயமான மாதிரி ஆகாது. மூட்டைகளுக்கு எண் போட்டு, சீட்டெடுத்து, வந்த எண்ணை நிறுக்க வேண்டும்.

இரண்டாவது, மெய்யான வித்தியாசம் எல்லாமே முக்கியமான வித்தியாசம் ஆகிவிடாது. உடல் எடையில் வித்தியாசம் மெய்; ஆனால் கேட்ட கேள்வி நோய் தீருமா என்பது. நிறைய மூட்டை நிறுத்தால் 20 கிராம் வித்தியாசத்தைக்கூட மெய் என்று நிரூபித்துவிடலாம். 20 கிராமுக்காக, சொன்ன தேதியில் சரக்கு அனுப்பும் ஆலைக்காரரை மாற்றுவதா என்பதைக் கணக்கு சொல்லாது. அதை முதலாளிதான் தீர்மானிக்க வேண்டும்.

தனித்தனி மாதிரியும் ஜோடி மாதிரியும்

இதுவரை சொன்ன கணக்கு, இரு பக்கமும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மாதிரிகளுக்கு மட்டுமே செல்லும். முதல் ஆலையின் மூன்றாம் மூட்டைக்கும் இரண்டாம் ஆலையின் மூன்றாம் மூட்டைக்கும் எந்த உறவும் இல்லை. அதனால் அது தனித்தனி மாதிரி.

ஆனால் அதே எட்டு மூட்டையைச் சரக்கு வந்த அன்று ஒரு முறையும், இரண்டு மாதம் கழித்து ஒரு முறையும் நிறுத்து, காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்தால் அது ஜோடி மாதிரி. ஒவ்வொரு மூட்டைக்கும் முன் எடையிலிருந்து பின் எடையைக் கழித்து, அந்தக் கழிவுகளுக்கு மட்டும் சராசரி பார்க்க வேண்டும். இங்கே தனித்தனி மாதிரிக் கணக்கைப் போட்டால் என்ன ஆகும்? முதல் ஆலையின் எட்டு மூட்டையும் தலா சரியாக 100 கிராம் காய்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தனித்தனிக் கணக்கில் வித்தியாசம் 100, ஆட்டம் 100, டி 1 என்று வந்து "காய்ச்சல் ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லிவிடும். கண்கூடாக ஒவ்வொரு மூட்டையும் 100 கிராம் இழந்திருக்கிறது! மூட்டைக்கு மூட்டை உள்ள ஏற்ற இறக்கத்தில் அந்த இழப்பு மறைந்துவிட்டது. இரண்டு தராசுகளைச் சோதிக்க ஒரே மூட்டையை இரண்டிலும் நிறுப்பதும் ஜோடி மாதிரியே.

கடை வியாபாரத்தை ஒப்பிடும்போது

மயிலாப்பூரில் ஒரு கடை, தி.நகரில் ஒரு கடை, அடையாறில் ஒரு கடை என்று வைத்திருப்பவர்கள் நம்மில் உண்டு. அன்றாட விற்பனையின் சராசரியை ஒப்பிட்டு எந்தக் கடையை விரிப்பது, எதை மூடுவது என்று முடிவெடுப்பார்கள். இங்கே கூடுதல் எச்சரிக்கை தேவை.

பங்குனியில் கபாலீசுவரர் கோயில் திருவிழாவும் அறுபத்து மூவரும் நடக்கும்போது மாட வீதிகளில் வியாபாரம் ஒரு தினுசு. தீபாவளிக்கு முன் உஸ்மான் ரோடு, ரங்கநாதன் தெரு வியாபாரம் வேறு தினுசு. மயிலாப்பூர்க் கடையின் பங்குனி நாட்களையும் தி.நகர்க் கடையின் ஐப்பசி நாட்களையும் எடுத்து ஒப்பிட்டால், நாம் கடையை ஒப்பிடவில்லை, மாதத்தை ஒப்பிடுகிறோம். மாதத்தின் முதல் வாரச் சம்பள வியாபாரத்துக்கும் கடைசி வாரத்துக்கும் உள்ள பேதம் எல்லோரும் அறிந்ததே. ஆகவே ஒரே தேதிகளை எடுத்து, நாளுக்கு நாள் கழித்து, ஜோடியாகப் பார்ப்பதே நல்லது.

அடுத்து, ஒரு கல்யாண வீட்டு மளிகைச் சிட்டை வந்தால் அன்றைய விற்பனை பல மடங்கு ஆகிவிடும். அந்த ஒரு நாள் சராசரியைத் தூக்கிவிடும். ஏற்ற இறக்கத்தையும் பெருக்கிவிடும். அப்படிப்பட்ட மொத்தச் சிட்டைகளைப் பேரேட்டில் தனியே எழுதி, சில்லறை விற்பனையை மட்டும் ஒப்பிடுங்கள். ஆனால் இந்த விதியைக் கணக்குப் போடுவதற்கு முன்பே வகுத்து, இரு கடைக்கும் ஒன்றாக நடத்த வேண்டும். விடையைப் பார்த்தபின் பிடிக்காத நாளை நீக்குவது கணக்காகாது.

இன்னொன்று. 20 சரக்குகளை எடுத்து இரு கடைக்கும் ஒப்பிட்டால், கடைகள் உண்மையில் சமமாக இருந்தாலும், ஒரு சரக்காவது எல்லையைத் தாண்டுவது சகஜம். 20-க்கு 1 என்று நாம்தானே எல்லை வைத்தோம்? அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கடையில் முந்திரி மட்டும் எங்கே போகிறது?" என்று பையன்களைச் சந்தேகிக்கக் கூடாது. மறுபடி ஒரு மாதம் அந்தச் சரக்கை மட்டும் பாருங்கள். மீண்டும் அப்படியே வந்தால் விசாரியுங்கள்.

பொட்டலமும் சட்டமும்

சொந்தமாகப் பொட்டலம் போட்டு விற்பவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டத்தோடும் சேர்கிறது. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள், தனிப் பொட்டலத்தில் இவ்வளவு வரை பிழை பொறுக்கப்படும் என்று வரம்பு வைத்துள்ளன. 1 கிலோ பொட்டலத்துக்கு அது 15 கிராம். அதோடு, சோதனைக்கு எடுத்த பொட்டலங்களின் சராசரி, மேலே அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது. ஆகவே சராசரியும் சரியாக இருக்க வேண்டும். ஏற்ற இறக்கமும் சிறிதாக இருக்க வேண்டும்.

இரண்டு பையன்கள் பொட்டலம் கட்டுகிறார்கள். இருவர் சராசரியும் 1 கிலோவே. ஆனால் ஒருவன் 5 கிராமுக்குள் நிற்கிறான், மற்றவன் 20 கிராம் ஏற்றி இறக்குகிறான் என்றால், இரண்டாமவன் கட்டியதில்தான் வழக்கு வரும். சராசரியை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. இரு பக்கச் சரக்கையும் ஒரே தராசில், ஒரே நாளில், மாற்றி மாற்றி நிறுங்கள். தராசின் குறை ஆலையின் குறையாகிவிடக் கூடாது.

2. சாக்கைத் தனியே நிறுத்துக் கழியுங்கள். சணல் சாக்கு மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும்.

3. மூட்டையைச் சீட்டெடுத்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு லாரி அந்த லாரிக்குத்தான் சாட்சி. ஆலையைப் பற்றிப் பேச வேண்டுமானால் பல லாரிகளிலிருந்து எடுங்கள்.

4. பக்கத்துக்கு எட்டுக்குக் குறையாமல் நிறுத்து, சராசரியோடு திட்ட விலக்கத்தையும் எண்ணிக்கையையும் சிட்டையில் எழுதி வையுங்கள்.

5. டி எல்லையைத் தாண்டவில்லை என்றால் பேச்சை நிறுத்துங்கள்; நிறுப்பதை நிறுத்தாதீர்கள்.

6. தாண்டினாலும் முதலில் காரணம் கேளுங்கள். ஆலையில் தராசு பழுதாக இருக்கலாம். தையல் விட்டு வழியில் சிந்தியிருக்கலாம். கணக்கு வித்தியாசத்தைக் காட்டும். யார் செய்தார் என்று காட்டாது.

தீர விசாரிப்பதே மெய் என்பது நாம் எல்லோரும் வாயால் சொல்லும் வார்த்தை. எவ்வளவு விசாரித்தால் தீர விசாரித்ததாகும் என்பதற்கு எண்ணில் ஓர் அளவு தருகிறது இந்தக் கணக்கு. சீட்டெடுத்து மூட்டைகளை நிறுத்து எழுத ஒரு காலைப் பொழுது போதும். நம்மை நம்பிச் சரக்கு அனுப்புகிறவருக்கும், நம் கடையில் நின்று உழைக்கிறவருக்கும் அந்த ஒரு காலைப் பொழுதை நாம் கடன்பட்டிருக்கிறோம்.